‘நமக்கேன் வம்பு’ என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள்

அகளி, கூளிக்கடவு, தாவளம், கோட்டத்தறை என்று இந்த அட்டப்பாடி மலையில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு,

நாலு பேர் சேர்ந்து நின்றால் இப்போது ஒரே புலம்பல்தான். ரேஷன் கடை வரிசையில், கல்யாணப் பந்தியில், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் எங்கும் அதே பேச்சு. “எந்நேரமும் போன்தான். ஊருல என்ன நடக்குதுன்னு ஒண்ணும் தெரியறதில்ல. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு நாடு, நடப்பு எதிலயும் அக்கறை இல்ல.” இதைக் கேட்கக் கேட்க எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளைகள் மேல் அல்ல, இதைச் சொல்கிற பெரியவர்கள் மேல்.

பிள்ளை பொதுக் காரியம் எதையாவது கேட்டபோது நாம் என்ன பதில் சொன்னோம்? ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்து “வண்டியை நிறுத்துங்கப்பா” என்றால், “போலீஸ், கோர்ட்டுன்னு அலையணும், நமக்கேன் வம்பு” என்றோம். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கப் போகிறோம் என்று மகள் வந்து சொன்னால், “நீ முன்னால போய் நிக்காத” என்றோம். கிராமசபை நோட்டீஸ் வந்தால், “அது கட்சிக்காரங்க கூட்டம்” என்று மடித்து வைத்தோம். பத்துப் பதினைந்து வருஷம் இப்படி வாயை அடைத்து வளர்த்துவிட்டு, பதினெட்டு வயதானதும் பிள்ளையிடம் பொறுப்பைத் தேடினால் எங்கிருந்து வரும்?

அகளியில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பையனின் போனை ஐந்து நிமிஷம் கூட உட்கார்ந்து பாருங்கள். அவன் தமிழில் தேடுகிறான், தமிழில் பார்க்கிறான். ஆகவே அவனுக்கு வந்து விழுவதெல்லாம் சென்னைச் சண்டை. யார் யாரை மேடையில் திட்டினார், எந்தக் கூட்டணி உடையப்போகிறது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. தலைவர் காரை விட்டு இறங்குவதை மெதுவாக ஓட்டி, சினிமாப் பின்னணி இசை சேர்த்து, முப்பது நொடியில் முடித்திருப்பார்கள். கீழே ஊர் பேர் தெரியாத யாருடனோ இவனும் வசவுச் சண்டை போட்டுக்கொண்டிருப்பான். இதற்குப் பெயர் அரசியல் என்று அவன் நம்புகிறான்.

ஆனால் அவன் ஓட்டு இருக்கப்போவது மன்னார்க்காடு சட்டமன்றத் தொகுதியில், பாலக்காடு மக்களவைத் தொகுதியில், அகளி கிராமப் பஞ்சாயத்தின் ஏதோ ஒரு வார்டில். அந்த வார்டு மெம்பர் யார் என்று கேளுங்கள், விழிப்பான். போன் மொழியைப் பார்த்து வீடியோ தருகிறது, வார்டைப் பார்த்துத் தருவதில்லை. கண் எங்கே கூட இரண்டு நொடி நின்றதோ, அதையே திரும்பத் திரும்பக் கொண்டுவந்து கொட்டும். கோபமும் கேலியும் இருக்கும் இடத்தில்தான் கண் நிற்கும். மலைப்பாதையில் மண் சரிந்து வழி அடைபடுவதும், இருட்டில் யானை இறங்குவதும், ராத்திரி அவசரத்துக்கு வண்டி கிடைக்காமல் தவிப்பதும் எந்த ரீலிலும் வராது. அவற்றைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டில் இருக்கும் நாம்தான். நாம் சொல்லவில்லை. சாப்பிடும் நேரத்தில் நம் கையிலும் போன்தான் இருந்தது.

‘நமக்கேன் வம்பு’ என்ற பழக்கம் எதில் கொண்டுபோய் விடும் என்பதை அட்டப்பாடியைவிட நன்றாகக் கண்ட ஊர் இல்லை. 2018 பிப்ரவரி 22. கடையில் அரிசி திருடினார் என்று சொல்லி, மது என்ற பழங்குடி இளைஞரைக் காட்டுக்குள் பிடித்து, கையைக் கட்டி, அடித்து, முக்காலி ஊருக்கு நடத்திக் கொண்டுவந்தார்கள். மனநலம் குன்றி, காட்டில் தனியே இருந்த மனிதர் அவர். கைகள் கட்டப்பட்டு அவர் நின்றபோது கும்பலில் ஒருவர் செல்பி எடுத்தார். போலீஸ் ஜீப்பில் கொண்டுபோன வழியில் அவர் உயிர் போயிற்று. செல்பி ஊரெல்லாம் சுற்றியது.

அந்தப் போன்தான் உலகத்துக்கு உண்மையையும் காட்டியது. படம் இல்லாவிட்டால் ஒரு பழங்குடியின் சாவு பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். ஆகவே போனைக் குறை சொல்லி நான் இதை எழுதவில்லை. அதற்குப் பிறகு பெரியவர்கள் நடந்துகொண்ட விதத்தைத்தான் சொல்ல வருகிறேன். விசாரணை தொடங்கவே நான்கு வருஷம் ஆயிற்று. 2022இல் மன்னார்க்காடு சிறப்பு நீதிமன்றத்தில் சாட்சிகள் ஒவ்வொருவராகப் பிறழத் தொடங்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் சொன்ன வாக்குமூலத்தை மாற்றிச் சொன்னார்கள். ஒரு சாட்சி முன்னால் சம்பவத்தின் வீடியோவை ஓட்டியபோது, தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். நீதிமன்றம் அவரைக் கண் பரிசோதனைக்கு அனுப்பியது. பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று அறிக்கை வந்தது.

மற்ற சாட்சிகள் உறுதியாக நின்றதால் 2023 ஏப்ரலில் பதினான்கு பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. பதின்மூன்று பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல். ஆனால் நம் பிள்ளைகள் அந்த வருஷங்களில் என்ன கற்றிருப்பார்கள் என்று யோசியுங்கள். படம் எடுக்க எல்லோரிடமும் போன் இருக்கிறது. பார்த்ததைப் பார்த்தேன் என்று பெயர் சொல்லி நிற்கப் பலருக்குத் துணிவில்லை. பிறழ்ந்தவர்கள் யாரும் பதினெட்டு வயதுப் பையன்கள் அல்ல, நம் வயதுக்காரர்கள். வீட்டில் பேச்சுவாக்கில் நாம் சொல்கிற “நமக்கேன் வம்பு” கூண்டில் ஏறினால் இப்படித்தான் பேசும்.

வதந்தி பரப்புவதும் பிள்ளைகள்தான் என்று சொல்லிவிடாதீர்கள். அதே 2018இல் குழந்தை கடத்தும் கும்பல் இறங்கியிருக்கிறது என்ற வாட்ஸ்அப் செய்தி நாடு முழுக்கச் சுற்றியது. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊர் சேர்ந்து அடித்தே கொன்றது. ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. கட்டுப்பாடு வந்தும் நம் குடும்பக் குழுக்களில் காலையில் பூப்படத்தோடு என்னென்ன வருகின்றன? சரிதானா என்று ஒரு தடவையாவது விசாரித்துவிட்டு அனுப்புகிறோமா? “அது பொய், மாமா” என்று மகன் எழுதினால், “பெரியவங்ககிட்ட இப்படிப் பேசாத” என்று அடக்குகிறோம். பொய்யைத் திருத்தத் துணிந்த பிள்ளைக்கு அன்றைக்கு நாம் கொடுத்தது தண்டனை.

உங்கள் பயம் எனக்குத் தெரியும். பிள்ளை அரசியல் என்று இறங்கினால் கட்சி இழுத்துக்கொள்ளும், கேஸ் வரும், உயிருக்கே ஆபத்து என்ற பயம். அது வெறும் கற்பனையல்ல. இடுக்கி எல்லையில் வட்டவடையிலிருந்து எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரிக்குப் படிக்கப் போன தமிழ்ப் பிள்ளை அபிமன்யு. கூலி வேலை செய்த பெற்றோரின் மகன். புது மாணவர்களை வரவேற்கச் சுவரில் எழுதுவதில் வந்த தகராறில், 2018 ஜூலையில் கத்திக்குத்துப்பட்டு இறந்தான். அந்தத் தாயின் அழுகையைப் பார்த்த எந்தப் பெற்றோருக்கும் வயிறு கலங்கும். கல்லூரி வாசலில் கத்தி எடுப்பவர்களை, அவர்கள் எந்தக் கொடி பிடித்தாலும், மன்னிக்கவே முடியாது.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். அபிமன்யுவுக்குத் தன் ஊரில் ஒரு நூலகம் வேண்டும் என்பது ஆசை. அந்தச் செய்தி சமூக ஊடகங்களில் பரவ, முன்பின் தெரியாதவர்களெல்லாம் புத்தகம் அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்த புத்தகங்களோடு வட்டவடைப் பஞ்சாயத்தில் அவன் பெயரில் நூலகம் எழுந்தது. அந்த மலைக் கிராமத்துக்கு அது அரசியல்தான், நல்ல அரசியல். நாம் பிள்ளைகளுக்குக் காட்டத் தவறியது இதைத்தான். கொடிக்கம்பத்துச் சண்டையை மட்டும் காட்டி, “பார்த்தியா, இதுதான் அரசியல்” என்று கதவைச் சாத்திவிட்டோம்.

வழி கிடைத்தால் இளைஞர்கள் என்ன செய்வார்கள் என்பதை எல்லைக்கு இரண்டு பக்கத்து மாநிலமும் கண்டிருக்கிறது. 2017 ஜனவரியில் போன் செய்திகளைப் பார்த்துத்தான் மெரினாவில் கூடினார்கள். நாள்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள், குப்பையைத் தாங்களே பொறுக்கினார்கள், ஜல்லிக்கட்டுக்குச் சட்டம் வந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்து இளைஞர்கள் மடிக்கணினிக்கு முன்னால் தூங்காமல் உட்கார்ந்து, எந்த வீட்டு மாடியில் யார் சிக்கியிருக்கிறார்கள் என்று இணையத்தில் வந்து குவிந்த தகவல்களைச் சரிபார்த்து மீட்புக்கு அனுப்பினார்கள். போன் கைக்கு வராத காலத்திலும் இதே மலையடிவாரத்தில் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்க ஆசிரியர்களும் மாணவர்களும் எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள். அணைத் திட்டம் கைவிடப்பட்டு 1984இல் அது தேசியப் பூங்கா ஆனது. அந்தப் பூங்காவுக்குள் போகும் வாசலும் முக்காலிதான்.

வழியே கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நேபாளம் சாட்சி. 2025 செப்டம்பரில் அங்கே அரசு சமூக ஊடகங்களுக்குத் தடை போட்டது. ஊழலைக் கண்டு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். இரண்டே நாளில் பிரதமர் பதவி விலகினார், எழுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பேச ஓர் இடமும், கேட்க ஓர் ஆளும் இல்லாத இளைஞரின் கோபம் ஒரே நாளில் வெடிக்கும்.

நம் பிள்ளைகளுக்கோ பேச இடம் இருக்கிறது, சட்டமே கொடுத்திருக்கிறது. 1994ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி ஒவ்வொரு வார்டிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கிராமசபை கூட வேண்டும். வார்டின் வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு வந்தால்தான் கூட்டம் செல்லும். பதினெட்டு நிறைந்து பட்டியலில் பெயர் ஏறிய உங்கள் மகனும் மகளும் அதன் உறுப்பினர்கள், எந்தக் கட்சியும் சேர்த்துவிட வேண்டியதில்லை. யாருக்கு வீடு, எந்தத் தெருவுக்கு விளக்கு, எந்த வேலைக்குப் பணம் என்று பேசுகிற இடம் அது. நாமோ வீட்டுப் பட்டியல், ஆட்டுக்குட்டிப் பட்டியல் படிக்கிற அன்று மட்டும் போகிறோம். நம் பெயர் வந்ததும் எழுந்து வந்துவிடுகிறோம். ஆள் குறைந்தால் பிறகு புத்தகம் வீடு தேடி வரும், திண்ணையில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போடுவோம். போகாத கூட்டத்துக்குப் போனதாகக் கையெழுத்துப் போடுவதைப் பிள்ளை வாசற்படியில் நின்று பார்க்கிறது. அதற்குப் பிறகு நேர்மையைப் பற்றி நாம் எந்த வாயால் பேசுவது?

“நோட்டீஸ் மலையாளத்துல வருது, நமக்கு வாசிக்க வராது” என்பது இன்னொரு சாக்கு. பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கும் பிள்ளை வீட்டிலேயே இருக்கிறது, வாசிக்கச் சொல்லுங்கள். எழுதத் தமிழ்தான் வரும் என்றால் அதற்கும் வழி உண்டு. கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்த உரிமை எத்தனை வீட்டில் தெரியும்? ரீல்ஸில் செலவாகிற பிள்ளையின் தமிழ், ஊருக்காக ஒரு மனு எழுதவும் செலவாகட்டும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். பதினேழு வயதானவுடன் வாக்காளர் பட்டியலுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்று 2022இல் தேர்தல் ஆணையம் வழி செய்திருக்கிறது; பிள்ளையோடு உட்கார்ந்து படிவம் 6ஐப் பூர்த்தி செய்யுங்கள். யாருக்கு ஓட்டு என்று நீங்கள் சொல்லித் தராதீர்கள். சின்னப் பிள்ளைகளைக் குடும்பஸ்ரீயின் பாலசபைக்கு அனுப்புங்கள். பார்வர்டு செய்தி வந்தால் உண்மையா என்று கண்டுபிடித்துச் சொல்லும் பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுங்கள், பொய் என்று அது சொன்னால் குழுவில் நீங்களே திருத்திப் போடுங்கள். தெருவிளக்கு எரியவில்லையா? பிள்ளை படம் எடுக்கட்டும், தேதி போட்டு மனு எழுதட்டும், தன் பெயரில் கையெழுத்திட்டுப் பஞ்சாயத்து ஆபீஸில் கொடுத்து ரசீது வாங்கட்டும். பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கட்டும். அந்த மனுவுக்கு லைக் வராது. விளக்கு எரியும் வரை விடாமல் கேட்கப் பழகும் பிள்ளைதான் நாளைக்கு நீதிமன்றத்தில் நின்றாலும் பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லும்.

அடுத்த கிராமசபை நோட்டீஸ் வந்ததும் மடித்து வைக்காதீர்கள். அன்றைக்கு ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும், டியூஷன் போனாலும் போகட்டும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே அது எழுந்து ஒரு கேள்வி கேட்டால் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்காதீர்கள். யாராவது முறைத்தால் நீங்களும் எழுந்து பக்கத்தில் நில்லுங்கள்.