உரிமம் எழுதாத நிரல் இலவசமல்ல



"நெட்டில சும்மா கிடக்குது, எடுத்தா என்ன சேர்?" பொகவந்தலாவைப் பிள்ளைகள் மட்டுமல்ல, ஆசிரியர்களான நாங்களும் இப்படித்தான் பழகிவிட்டோம். இது தவறு.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி கணினி நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு. பதியத் தேவையில்லை, எழுதியவுடனேயே அது எழுதியவருக்குச் சொந்தம். பார்க்க விட்டார் என்பதற்காகப் பாவிக்க விட்டார் என்று அர்த்தமில்லை.

"திட்டத்துக்கு ஓர் உரிமக் கோப்பு போதாதா?" என்பார்கள். ஒரு கோப்பு மட்டும் தனியே இன்னோர் இடத்துக்குப் போனால் அதன் நிபந்தனை யாருக்குத் தெரியும்? லினக்ஸ் கருவிலேயே ஆயிரக்கணக்கான கோப்புகளில் உரிமம் எழுதப்படவில்லை. 2017இல் அவற்றின் தலையில் எஸ்பிடிஎக்ஸ் எனும் ஒற்றை வரியைச் சேர்த்தார்கள்.

எங்கள் லயத்துப் பிள்ளை எழுதும் நிரலுக்கும் அந்த ஒரு வரி வேண்டும். எம்ஐடி என்றால், பெயரையும் உரிமத்தையும் நீக்காமல் எவரும் பாவிக்கலாம். ஜிபிஎல் என்றால், மாற்றி விநியோகிப்பவர் மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும்.

எதுவும் எழுதாவிட்டால் நேர்மையானவர் தொடமாட்டார், திருடுபவர் விடமாட்டார். நட்டம் பிள்ளைக்குத்தான்.

அடுத்தவர் உழைப்பு அமானிதம். ஆசிரியர்களே, இனி உரிம வரி இல்லாத செயற்றிட்டத்துக்குப் புள்ளி போடாதிருப்போம்.