‘சர்வர் டவுன்’னா சர்வர்தான் பழுதா? உடையார்பாளையம் டூ சென்னை... அரசு நெட்வொர்க் இயங்குவது எப்படி?

"சர்வர் டவுன், நாளைக்கு வாங்க." வருமானச் சான்றிதழ், பட்டா என அலைபவர்கள் ஒருமுறையாவது கேட்டிருக்கும் பதில் இது. கூலி வேலையை விட்டுவிட்டு வருபவருக்கு ஒருநாள் சம்பளமே போச்சு. ஆனால், பல நேரம் சர்வர் நல்லாத்தான் இருக்கும். அறுந்துபோனது அதற்குப் போகும் வழி!

சர்வர் எங்கே இருக்கு?

அரியலூர் மாவட்டம், உடையார்பாளையம் வட்டத்தின் தாலுகா அலுவலகம் இருப்பது ஜெயங்கொண்டத்தில். அங்கே பதிவாகும் தகவல் போய்ச் சேர்வதோ, 200 கி.மீ.க்கு அப்பால் சென்னையில் உள்ள தரவு மையங்களுக்கு.

இடையில் இருக்கும் பாதைதான் ‘டிஎன்ஸ்வான்’. எல்காட் நிறுவனம் நிர்வகிக்கும், அரசு அலுவலகங்களுக்கான தனி நெட்வொர்க் இது. மாநிலத் தலைநகர், மாவட்டம், வட்டாரம் ஆகியவற்றை நொடிக்கு குறைந்தது 2 மெகாபிட் வேகத்தில் இணைக்கும் ‘ஸ்வான்’ திட்டத்துக்கு, 2005 மார்ச்சில் மத்திய அரசு ரூ.3,334 கோடிக்கு ஒப்புதல் அளித்தது.

தனி இணைப்பு எதற்கு?

* பொது இணையம்: எல்லோரும் போகும் நெடுஞ்சாலை. நெரிசல் எப்போது வரும்னு சொல்ல முடியாது.
* விபிஎன்: அதே சாலையில் பூட்டிய வேனில் போவது. பாதுகாப்பு உண்டு, நெரிசலும் உண்டு.
* லீஸ்டு லைன்: வாடகைக்கு எடுத்த தனிப் பாதை. வேகம் சீராக இருக்கும், செலவு அதிகம்.

பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனங்கள் இப்போது கிளவுடுக்கே தனிப் பாதை போடுகின்றன. அமேசானின் ‘டைரக்ட் கனெக்ட்’, மைக்ரோசாஃப்டின் ‘எக்ஸ்பிரஸ்ரூட்’ இந்த வகைதான்.

தனிப் பாதை என்பதாலேயே தகவல் பூட்டப்பட்டதாக அர்த்தமில்லை. டைரக்ட் கனெக்டில் தகவல் தானாக என்கிரிப்ட் ஆகாது; அதைத் தனியாகச் செய்ய வேண்டும்.

சிக்கல் எங்கே?

சாலை தோண்டும் ஜேசிபி ஒரு கேபிளை அறுத்தால் போதும், மொத்த அலுவலகமும் முடங்கும். இதற்கு மாற்று, இரண்டாவது லைன். எக்ஸ்பிரஸ்ரூட்டில் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் இரண்டு இணைப்புகள் இருப்பது இதனால்தான். ஆனால், இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் போனால் பயனில்லை.

தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடி இழை மூலம் இணைப்பதற்கான பாரத்நெட் திட்டத்தை ‘டான்ஃபினெட்’ செயல்படுத்துகிறது. கிராமம் வரை கேபிள் போவது முதல் படி. அறுந்தால் மாற்றுவழி இருக்கிறதா என்பதே மக்களின் அலைச்சலைத் தீர்மானிக்கும்.

நீங்க என்ன செய்யலாம்?

"சர்வர் டவுன்" என்றால், உங்க மொபைலில் இ-சேவை தளத்தைத் திறந்து பாருங்க. திறந்தால், பெரும்பாலும் பிரச்னை அலுவலக லைனில்தான். பல சான்றிதழ்களுக்கு அந்தத் தளத்திலேயே நீங்களே விண்ணப்பித்துவிடலாம்.