பட்டம் யார் வீட்டுச் சொத்து?



உலக சாம்பியன் யார் என்று கேட்டால் பதில் சொல்வது சுலபம் என்று நினைக்கிறோம். யார் இடுப்பில் பெல்ட் இருக்கிறதோ அவர்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். ஆனால் நம்ம ஹாஸ்டல் வராண்டாவில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள், ராத்திரி பதினொரு மணி வரைக்கும் சண்டை ஓயாது! "பெல்ட்டு வச்சிருக்கவன்தாம்லே சாம்பியன்" என்பான் ஒருத்தன். "இல்லலே, போன சாம்பியனை எவன் அடிச்சானோ அவன்தாம்லே சாம்பியன்" என்பான் இன்னொருத்தன். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைக் கொஞ்சம் அலசிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. சண்டைக் கதைதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கடைசியில் நம்ம கதையும் இதற்குள் வருகிறது.

பெல்ட் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்

குத்து, உதை, மல்யுத்தம், பிடி எல்லாம் கலந்த கலப்புச் சண்டைப் போட்டியில் பெரிய கம்பெனி யு.எஃப்.சி. அதன் ஹெவிவெயிட் பட்டம் 1997 பிப்ரவரியில் ஆரம்பித்தது. டான் செவர்னை மார்க் கோல்மன் தோற்கடித்து முதல் சாம்பியன் ஆனார். அதே வருஷம் ஜூலையில் கோல்மனை மாரிஸ் ஸ்மித் வென்றார். டிசம்பரில் ஸ்மித்தை ராண்டி கூட்டூர் வென்றார். இதுவரை கணக்கு சுத்தமாக இருக்கிறது. அப்பாவிடமிருந்து மகனுக்குச் சொத்து போவதுபோல, தோற்றவரிடமிருந்து வென்றவருக்குப் பட்டம் போகிறது.

அடுத்த வருஷமே கணக்கு சிக்கலாகிவிட்டது. சம்பள ஒப்பந்தத் தகராறில் கூட்டூர் கம்பெனியை விட்டு வெளியேறினார். அவரை யாரும் தோற்கடிக்கவில்லை, ஆனால் பட்டம் அவரிடம் இல்லை. காலியான பட்டத்துக்காக 1999-ல் கெவின் ரான்டில்மனும் பாஸ் ருட்டனும் மோதி, ருட்டன் சாம்பியன் ஆனார். இப்போது சொல்லுங்கள், பெல்ட் வைத்திருக்கும் ருட்டன் சாம்பியனா? யாரிடமும் பட்டத்தை இழக்காத கூட்டூர் சாம்பியனா?

அந்தப் பக்கம் ஜப்பானில் பிரைட் என்று இன்னொரு கம்பெனி. அங்கே 2003 மார்ச்சில் நோகேராவை வென்று சாம்பியன் ஆனார் ரஷ்யாவின் ஃபெடோர் எமிலியானென்கோ. பல வருஷம் அவரை அசைக்க ஆளில்லை. ஆனால் அவர் யு.எஃப்.சி. கூண்டுக்குள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. ஒரே எடைக்கு இரண்டு சிம்மாசனம்! கடைசியில் 2010 ஜூன் 26 அன்று, வேறொரு கம்பெனி நடத்திய போட்டியில், ஃபாப்ரிசியோ வெர்டும் என்ற பிரேசில்காரர் 69 விநாடியில் ஃபெடோரைப் பிடிபோட்டு அடக்கிவிட்டார். அதே வெர்டும் 2015-ல் மெக்சிகோ சிட்டியில் கெய்ன் வெலாஸ்க்கஸை வென்று யு.எஃப்.சி. பட்டத்தையும் எடுத்தார். பிரிந்து ஓடிய இரண்டு ஓடை சேர்ந்த மாதிரி ஆயிற்று. ஐந்தருவித் தண்ணீரும் பேரருவித் தண்ணீரும் கடைசியில் சிற்றாற்றில் ஒன்றாகிவிடுகிறதே, அதுபோல.

சேர்ந்தது நிலைத்ததா? இல்லை. வெர்டுமிடமிருந்து ஸ்டிப்பே மியோசிச், அவரிடமிருந்து டேனியல் கார்மியர், மறுபடி மியோசிச் என்று போன பட்டம், 2021 மார்ச்சில் ஃபிரான்சிஸ் கானுவிடம் வந்தது. இந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். கேமரூன் நாட்டில் சின்ன வயசிலேயே மணல் குவாரியில் மண் அள்ளியவர். பாலைவனத்தைக் கடந்து, கடலைக் கடந்து, பாரிஸ் தெருவில் படுத்துத் தூங்கி, அப்புறம்தான் சண்டைப் பயிற்சிக் கூடத்துக்குள் காலெடுத்து வைத்தார். அவருக்கும் ஒப்பந்தத் தகராறு வந்தது. 2023 ஜனவரியில் தோற்காமலே வெளியேறினார். காலி இடத்துக்கு நடந்த போட்டியில் ஜான் ஜோன்ஸ் வென்றார். இடைக்கால சாம்பியன் டாம் ஆஸ்பினால் வெளியே காத்துக்கொண்டே இருந்தார். ஜோன்ஸ் அவரோடு மோதவே இல்லை. 2025 ஜூனில் ஜோன்ஸ் ஓய்வு அறிவித்தார், ஆஸ்பினால் முழு சாம்பியன் என்று கம்பெனியும் அறிவித்தது. கூண்டுக்குள் முடிவாக வேண்டிய விஷயம் மைக் முன்னால் முடிந்துபோயிற்று!

நம்ம நாட்டு காமா

இது வெள்ளைக்காரன் ஊர் வியாபாரம் என்று நினைக்கவேண்டாம். நூறு வருஷத்துக்கு முன்பே நம்ம பயில்வான் ஒருவர் இதே சுவரில் முட்டியிருக்கிறார். அவர்தான் காமா. 1910-ல் லண்டன் போய், எவன் வந்தாலும் மோதத் தயார் என்று சவால் விட்டார். செப்டம்பர் 10 அன்று போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவோடு மோதினார். காமாவின் பிடிக்குப் பயந்து ஸ்பிஸ்கோ குப்புறப் படுத்தே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓட்டினார். முடிவு கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து மறு போட்டி என்றார்கள். ஸ்பிஸ்கோ வரவே இல்லை. காமாவுக்குப் பெல்ட் கொடுத்தார்கள்.

ஆனால் அன்றைக்கு உலக சாம்பியன் என்று மேல்நாட்டில் கொண்டாடப்பட்டவர் அமெரிக்காவின் ஃபிராங்க் காட்ச். அவரும் காமாவும் ஒருமுறைகூட மோதவில்லை. அதனால் மேல்நாட்டு சாம்பியன் வரிசையைப் பார்த்தால் காட்ச் பெயர் முன்னால் நிற்கும், காமா பெயர் ஓரமாக நிற்கும். 1921-ல் அமெரிக்காவில் உலகப் பட்டம் வாங்கிய அதே ஸ்பிஸ்கோ, 1928-ல் பாட்டியாலா வந்து காமாவோடு மறுபடி மோதினார். ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. அப்படிப்பட்டவருக்கு வரிசையில் இடம் ஏன் ஓரமாகப் போனது? திறமை குறைவா? இல்லை. கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான்.

சதுரங்கத்திலும் இதே கூத்து

நம்ம தமிழ்நாட்டுக் கதைக்கு வருவோம். சதுரங்கத்தில் உலகப் பட்டம் 1886-ல் ஸ்டைனிட்ஸிடமிருந்து தொடங்குகிறது. சாம்பியனை வென்றவரே சாம்பியன் என்பதுதான் அங்கேயும் வழக்கம். 1993-ல் காஸ்பரோவ் உலகக் கூட்டமைப்பை விட்டுப் பிரிந்து தனியாகப் பட்டப் போட்டி நடத்தினார். கூட்டமைப்பு அவர் பட்டத்தைப் பறித்தது. இங்கேயும் இரண்டு சிம்மாசனம் ஆயிற்று.

மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்த் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். 1995-ல் நியூயார்க்கில் காஸ்பரோவிடம் தோற்றார். 1997 டிசம்பரில் ஒவ்வொரு ஆளாக ஜெயித்து, களைத்துப்போய் இறுதிப் போட்டிக்கு வந்தால், அங்கே கார்ப்போவ் நேரடியாக ஃபைனலில் உட்கார்ந்திருந்தார்! பழைய பட்டக்காரர் என்பதால் அந்தச் சலுகை. ஆனந்த் சமமாக ஆடி, கடைசியில் வேக ஆட்டத்தில் தோற்றார். 2000-ல் டெஹ்ரானில் ஷிரோவை வென்று கூட்டமைப்பின் உலகப் பட்டம் வாங்கினார். அப்போதும் "இது பாதிப் பட்டம்தான், காஸ்பரோவை வென்ற கிராம்னிக்தான் நிஜ சாம்பியன்" என்றார்கள். ஆனந்த் என்ன செய்தார்? 2006-ல் இரண்டு பட்டமும் ஒன்றான பிறகு, 2007-ல் மெக்சிகோவில் வென்றார். 2008-ல் பான் நகரில் அதே கிராம்னிக்கை நேருக்கு நேர் உட்காரவைத்து 6.5–4.5 என்று முடித்தார். அதற்கப்புறம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

2013-ல் சென்னையில் ஆனந்தை மாக்னஸ் கார்ல்சன் வென்றார். அந்தப் போட்டியை வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் குகேஷ். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை 7.5–6.5 என்று வென்று உலக சாம்பியன் ஆனபோது அவருக்கு வயது பதினெட்டு. தோழர்களே, நம்ம வயது!

உடனே பழைய பாட்டு ஆரம்பித்தது. "கார்ல்சனை வெல்லவில்லையே, இது என்ன பட்டம்?" கார்ல்சனை யாரும் தோற்கடிக்கவில்லை என்பது உண்மை. எனக்கு மறுபடி ஆட விருப்பமில்லை என்று 2022-ல் அவரே அறிவித்தார். காலி இடத்துக்கு 2023-ல் டிங்கும் நெப்போம்னியாஷியும் மோதினார்கள். டிங் வென்றார். அந்த டிங்கைத்தான் குகேஷ் வென்றார்.

என் கருத்து

என் தாழ்மையான கருத்து இதுதான். நாற்காலியை விட்டு எழுந்து போவது ஒருவருடைய உரிமை. ஆனால் போகும்போது நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. சவாலுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறவரைக்கும்தான் சாம்பியன். கார்ல்சன் பெரிய ஆட்டக்காரர், சந்தேகமே இல்லை. கானு பெரிய வீரர், சந்தேகமே இல்லை. பெரிய ஆள் என்பது வேறு, பட்டக்காரர் என்பது வேறு.

"அப்படியானால் சங்கிலி அறுந்துபோகிறதே" என்று கேட்பீர்கள். அறுந்தால் என்ன? 1946-ல் அலெக்கைன் சாம்பியனாகவே இறந்துபோனார். செத்தவரை யார் வெல்வது? 1948-ல் ஐந்து பேரை ஆடவிட்டு, வென்ற போட்வின்னிக்கைச் சாம்பியன் ஆக்கினார்கள். அன்றைக்கே அறுந்த சங்கிலிதான். இன்று வரை யாரும் போட்வின்னிக்கைப் போலி என்று சொல்வதில்லை. ஆகவே சுத்தமான பரம்பரை என்பது எந்தப் பட்டத்துக்கும் கிடையாது. கேட்கவேண்டிய கேள்வி இரண்டே இரண்டு. வென்று வந்தாயா? உன்னை வெல்ல வருகிறவனுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறாயா?

இந்தக் கணக்கில் காட்சைவிட காமா பெரியவர். ஆஸ்பினாலை மோதவிடாமல் காக்க வைத்ததும் தப்பு. அந்தத் தப்பு காத்திருந்தவர்மேல் இல்லை.

இதில் நமக்கு என்ன?

நமக்குத்தான் எல்லாம்! நம்ம வகுப்பில் பாதிப் பேர் வீட்டிலேயே முதல் முறையாகப் படிக்க வந்தவர்கள். நானும் அப்படித்தான். அப்பா கட்டட வேலை, அம்மா பீடி சுற்றுகிறார்கள். சென்ற வருஷம் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸ் நேர்முகத்துக்குப் போனேன். லேத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "உங்க வீட்ல இதுக்கு முன்னாடி யாராச்சும் இந்த லைன்ல இருக்காங்களாப்பா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை சார் என்றேன். அதோடு அடுத்த பையனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பட்டறையில் நம்ம கையில் இருக்கும் கோ, நோ-கோ கேஜை நினைத்துப் பாருங்கள். துளைக்குள் ஒரு முனை போகவேண்டும், மறு முனை போகக்கூடாது. அது அவ்வளவுதான் கேட்கும். கடைந்தவன் யார் மகன், எந்தத் தெரு என்று கேட்காது. ஒரு இரும்புத் துண்டுக்கு இருக்கிற நியாயம் மனிதருக்கு இருக்கவேண்டாமா?

நம்ம தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் அங்கே ஒரு பாட்டைக் கல்வெட்டில் பொறித்து வைத்திருக்கிறார். பின்னாளில் இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்தால், அதைச் சரிசெய்து காக்கிறவர் யாராக இருந்தாலும் அவரைப் பணிகிறேன் என்பது அதன் பொருள். என் மகன், என் பேரன் என்று எழுதவில்லை, கவனியுங்கள்! ராஜாவே, முன்பின் தெரியாத ஒருவனைக் கும்பிடுகிறார். வேலையைச் செய்கிறவன்தான் வாரிசு என்று பதினைந்தாம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். சிதைந்து நின்ற ராஜகோபுரம் திரும்ப எழுந்து 1990-ல் குடமுழுக்கு கண்டதும் அப்படி வந்தவர்களால்தான்.

குகேஷ் டாக்டர் வீட்டுப் பிள்ளை. நம்ம கதை வேறு, அதை மறைக்க வேண்டியதில்லை. போட்டி இருந்தால் மட்டும் போதாது, போட்டி வாசல் வரை வந்து சேர பஸ் காசும் வேண்டும், சொல்லித்தர ஆளும் வேண்டும். அதனால்தான் இரண்டாவது கேள்வி முக்கியம் என்கிறேன். நாளைக்கு நம்மில் ஒருவர் ஃபோர்மேன் ஆவோம், ஒருவர் சொந்தப் பட்டறை போடுவோம். அன்றைக்கு வாசலில் வந்து நிற்கிற பையனிடம் நாம் என்ன கேட்கப்போகிறோம்? "உங்க வீட்ல யாரு இருக்கா" என்றா? "இந்தா வெர்னியர், அளந்து காட்டு" என்றா?

நம்ம சங்கத்துக்கும் இது பொருந்தும். "போட்டியின்றித் தேர்வு" என்று அறிவித்ததும் கை தட்டுகிறோம். ஒற்றுமை என்று பெருமைப்படுகிறோம். அடுத்த தேர்தலிலாவது முதலாம் ஆண்டுத் தம்பிகள் தைரியமாகப் பேர் கொடுக்கட்டும். அண்ணன்மார்கள் நின்று ஜெயித்துக் காட்டட்டும். தோற்றாலும் கேவலமில்லை. தோற்பதற்குத் தயாராக எதிரே உட்கார்கிறவனுக்குத்தான் பட்டம் வைத்துக்கொள்ள யோக்கியதை உண்டு.

பட்டம் யார் வீட்டுச் சொத்தும் அல்ல தோழர்களே. நமக்கு முன்னால் வரிசை இல்லாமல் இருக்கலாம். நமக்குப் பின்னால் ஒரு வரிசை நிற்கும். அதற்கு வழிவிட்டு நிற்போம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் பிரிவு