ஏழாண்டுப் படிப்பு எதற்கு?



தேர்வு முடிவுகள் வெளியாகி, மேற்படிப்பைப் பற்றி வீடுதோறும் பேச்சு எழும் நாட்களில் பங்கின் பெற்றோர் சிலர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சுவாமி, எங்கள் மகள் உளவியலில் இளங்கலை முடித்துவிட்டாள். இனி முதுகலை இரண்டாண்டாம். அதற்கு மேலும் மருத்துவமனையில் இரண்டாண்டுப் பயிற்சியாம். நாலு பேருக்கு ஆறுதல் சொல்வதற்கு ஏழாண்டுப் படிப்பா? நம் பாட்டிமார் எந்தக் கல்லூரியில் படித்து ஆறுதல் சொன்னார்கள்?"

நியாயமான கேள்விதான். ஆறுதல் சொல்லப் பட்டம் தேவையில்லை. ஆனால் கிளினிக்கல் சைக்காலஜி என்று வழங்கும் மருத்துவ உளவியல் ஆறுதல் சொல்லும் கலையன்று. துன்புறும் மனத்தை ஆராய்ந்து, துன்பத்தின் காரணத்தை வகைப்படுத்தி, அதற்கேற்ற சிகிச்சையை முறைப்படி அளிக்கும் துறை அது. மனநோய் மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து அதன்மேல் மனநோய்த் துறையில் பட்டம் பெற்றவர்; மருந்து எழுதித் தருபவர். மருத்துவ உளவியலாளரோ மருந்து தருவதில்லை. சோதனை, உரையாடல், பயிற்சி ஆகியவையே அவருடைய கருவிகள். இவ்விருவரும் ஒரே மருத்துவமனையில் கைகோத்துப் பணியாற்றுபவர்கள்.

இத்துறை பிறந்த வரலாறே நம் கேள்விக்குப் பாதி விடை தருகிறது. 1896-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லைட்னர் விட்மர் உளவியல் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். எழுத்துக் கூட்டி எழுத இயலாத மாணவன் ஒருவனை அவனுடைய ஆசிரியை அவரிடம் அனுப்பினார். விட்மர் அவனை மந்தபுத்தி என்று ஒதுக்கிவிடவில்லை. ஆராய்ந்தபோது பார்வைக் குறைபாடு தெரிந்தது, கண்ணாடி அணிவிக்கப்பட்டது. அதோடு விடாமல், வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் தனிப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. காரணம் ஒன்றல்ல, இரண்டு மூன்று இருக்கலாம் என்று பொறுமையாகத் தேடும் குணமே இத்துறையின் அடித்தளம்.

இனி மாணவர்கள் கற்பவை என்னவென்று காண்போம்.

முதலாவது, கேட்கவும் கவனிக்கவும் கற்கிறார்கள். நோயாளி ஒருவர் வந்தால் தாயின் கர்ப்பகாலம், பிறப்பு, நடை பழகிய வயது, பள்ளி வாழ்வு, வேலை, திருமணம், குடும்பத்தில் பிறருக்கு இருந்த நோய் என யாவற்றையும் வரிசையாகக் கேட்டு எழுத வேண்டும். பின்னர் அவருடைய உடை, பேச்சு, மனநிலை, நினைவாற்றல், இடம் காலம் பற்றிய தெளிவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வார்கள். அது கவனத்தைச் சோதிப்பது. "முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும்" போன்ற பழமொழி ஒன்றைக் கூறிப் பொருள் கேட்பார்கள். காலில் தைத்த முள்ளைப் பற்றி மட்டுமே ஒருவர் பேசினால், நேர்ப்பொருளைக் கடந்து சிந்திக்க அவரால் இயல்கிறதா என்று மேலும் ஆராய்வார்கள். பழமொழியையே அறியாதவரை நோயாளி என்று முடிவு கட்டாதிருக்கவும் அதே வகுப்பில் கற்பிக்கப்படுகிறது.

இரண்டாவது, அளக்கக் கற்கிறார்கள். பிரான்சு நாட்டில் பினே, சிமோன் ஆகிய இருவரும் 1905-இல் வகுத்த அறிவுத்திறன் சோதனை, சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோர்ஷாக் 1921-இல் வெளியிட்ட பத்து மைத்தடப் படங்கள் முதலியன இவர்களுடைய பாடத்தில் அடங்கும். ஆனால் அயல்நாட்டுக் குழந்தைக்கென வகுத்த கேள்வியை நம் கிராமத்துக் குழந்தையிடம் அப்படியே கேட்டால், அறியாமை குழந்தையுடையதா, கேள்வியுடையதா? இதனால்தான் காமத் என்பவர் பினேயின் சோதனையை நம் நாட்டுக்கு ஏற்ப மாற்றினார். நாகபுரியில் பணியாற்றிய மாலின், வெக்ஸ்லரின் சோதனையை இந்தியக் குழந்தைகளுக்கென அமைத்தார். இத்தகைய சோதனைகளில் சராசரி 100 என்று வைத்துக் கணக்கிடுவர். 70-க்கும் கீழே ஓர் எண் வந்தால் அதைக் கொண்டு மட்டும் குழந்தையின் தலைவிதியை எழுதிவிடலாகாது. காது கேட்கிறதா, கேள்வி புரியும் மொழியில் இருந்ததா, அன்று காய்ச்சலா, வீட்டிலும் தெருவிலும் தன் வேலையைத் தானே செய்துகொள்கிறதா என்றெல்லாம் பார்த்தே முடிவு கூற வேண்டும். புள்ளியியலை ஏன் படிக்கிறார்கள் என்று வியப்பவர்களுக்கு விடை இதுவே. எண்ணின் வலிமையை அறிந்தவனே அதன் எல்லையையும் அறிவான்.

மூன்றாவது, சிகிச்சை செய்யக் கற்கிறார்கள். இங்கே நம் குருக்களுக்கும் பழக்கமான எடுத்துக்காட்டு ஒன்றைக் கூறுவோம். சிலர் ஒரே பாவத்தை மீண்டும் மீண்டும் அறிக்கையிடுவர். மன்னிப்புப் பெற்று வெளியே வந்ததும், "முழுவதும் சொன்னேனா?" என்ற ஐயம் பற்றிக்கொள்ளும். லொயோலா இஞ்ஞாசியாரே 1522-இல் மன்ரேசாவில் இத்தகைய ஐயங்களால் வாட்டப்பட்டார் என்பது வரலாறு. கை கழுவிக்கொண்டே இருப்பவர், பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பவர் ஆகியோரின் துன்பமும் இதே இனத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். நல்லெண்ணம் உடையவர்கள் என்ன செய்வோம்? "ஒன்றுமில்லை, கவலைப்படாதே" என்று ஒவ்வொரு முறையும் தேற்றுவோம். அந்தத் தேற்றுதல் சிறிது நேரம் அமைதி தரும். பின்னர் ஐயம் முன்னிலும் வலுத்துத் திரும்பும். 1966-இல் விக்டர் மேயர் என்பவர் வேறொரு வழியைக் காட்டினார். அச்சமூட்டும் பொருளை நோயாளி சிறிது சிறிதாக எதிர்கொள்ள வேண்டும். ஆனால் கழுவுவதையோ மீண்டும் சரிபார்ப்பதையோ செய்யாமல் பொறுத்திருக்க வேண்டும். அவ்வாறு இருந்தால் அச்சம் மெல்லத் தணியும். இதை எத்தனை விரைவில், எந்தப் படியில் தொடங்குவது என்பதைப் பயிற்சி பெற்றவரே அறிவார். ஆறுதலே நோயை வளர்க்கும் இடமும் உண்டு என்பதை உணர்ந்தால், ஏழாண்டு எதற்கு என்ற கேள்வி சற்றே அடங்கும் அன்றோ?

நான்காவது, தம்மையே ஐயுறக் கற்கிறார்கள். 1949-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலாளர் சிகிச்சையாளராக மட்டுமன்றி ஆராய்ச்சியாளராகவும் பயிற்றுவிக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தியது. "நான் செய்தேன், குணமாயிற்று" என்பது சான்றாகாது, தானாகவே குணமாகியிருக்கலாம். ஆகவே மாணவர் ஆய்வேடும் எழுத வேண்டும்.

இவை யாவும் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் நடைபெறுவதே பயிற்சியின் உயிர்நாடி. மாணவர் எழுதிய குறிப்பை மூத்தவர் வாசிப்பார். எங்கே அவசரப்பட்டார், எங்கே தம் கருத்தை நோயாளியின் வாயில் திணித்தார் என்று சுட்டிக்காட்டுவார். கேட்ட இரகசியத்தைக் காக்கவும், உற்றார் உறவினருக்குத் தாமே சிகிச்சை அளிக்காதிருக்கவும், உயிருக்கு ஆபத்து நேரும் வேளையில் யாரிடம் கூற வேண்டும் என்பதை அறியவும் இங்கேதான் பழகுகிறார்கள்.

நம் நாட்டில் பெங்களூரில் 1954-இல் தோன்றிய அகில இந்திய மனநல நிறுவனம் அடுத்த ஆண்டே இப்பயிற்சியைத் தொடங்கியது. 1974 முதல் அது நிம்ஹான்ஸ் என்னும் பெயரில் விளங்குகிறது. இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் 1992-இல் இயற்றப்பட்டது. மருத்துவ உளவியலாளரின் பெயர் அம்மன்றத்தின் பதிவேட்டில் இருத்தல் வேண்டும். பதிவின்றித் தொழில் செய்வது தண்டனைக்குரியது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், மேற்பார்வையுடன் கூடிய ஈராண்டு முழுநேரப் பயிற்சியை இத்தொழிலுக்குரிய தகுதிகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது கடமை என்றும் கூறுகிறது.

ஒரு செய்தியைப் பெற்றோர் மறக்கலாகாது. எம்.ஃபில். பட்டத்தைக் கைவிடுவதெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் முடிவு செய்தது. ஆயினும் மருத்துவ உளவியல் எம்.ஃபில். 2025-26 கல்வியாண்டு வரை செல்லும் என 2024-இல் அறிவித்தது. இதற்கிடையே மறுவாழ்வு மன்றம் புதிய பட்டப் படிப்புகளையும் வகுத்துள்ளது. ஆகவே பணம் கட்டுமுன், அக்கல்லூரியின் அந்தப் படிப்புக்கு மன்றத்தின் அங்கீகாரம் அந்த ஆண்டுக்கு உண்டா என்று நேரில் விசாரித்து அறியுங்கள். பட்டத்தின் பெயர் மாறலாம். மருத்துவமனையில் மூத்தவரின் மேற்பார்வையில் பெறும் பயிற்சி இல்லையேல் அப்படிப்பு நிறைவுடையதன்று.

மகளிடமும் சில கேளுங்கள். பிறர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்க முடிகிறதா? வீட்டில் கேட்டதை வெளியே சொல்லாதிருக்கிறாளா? தவறு என்று சுட்டினால் தாங்கிக்கொள்கிறாளா? இம்மூன்றுக்கும் "ஆம்" என்றால், பெற்றோரே, தடை சொல்லாதீர்கள். திருமணம் தள்ளிப் போகுமே என்று இப்படிப்பைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அரைகுறையாகக் கற்ற தச்சன் மரத்தைக் கெடுப்பான். அரைகுறையாகக் கற்ற மனநலப் பணியாளர் மனிதரைக் கெடுத்துவிடுவார்.

மற்றக் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. வாரக் கணக்கில் உறங்காத மகனை, பிள்ளை பெற்றபின் யாரோடும் பேசாத மருமகளை, "பேய் பிடித்தது" என்றும் "சோம்பல்" என்றும் வீட்டுக்குள் பூட்டி வைக்காதீர்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 2022-இல் தொடங்கப்பட்ட டெலிமானஸ் என்னும் அரசுச் சேவையை 14416 என்ற தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி அணுகலாம். சில வார வகுப்பில் பெற்ற சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பவரிடம் செல்ல நேர்ந்தால், "உங்கள் பதிவு எண் என்ன?" என்று பணிவோடு கேளுங்கள். முறையாகக் கற்றவர் அக்கேள்விக்கு முகம் சுளிக்கமாட்டார்.