விலையை மட்டும் விசாரித்தோம்

பல் விழுந்த அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தாடை எலும்பில் திருகு பதித்துச் செயற்கைப் பல் பொருத்தும் இம்பிளான்ட் வைக்கலாம் என்று முடிவானதும் நாம் முதலில் விசாரிப்பது ஒரு பல்லுக்கு எவ்வளவு ஆகும் என்பதைத்தான். அடுத்து, திருகு கொரியாவில் செய்ததா, சுவிட்சர்லாந்தில் செய்ததா என்று கேட்கிறோம். எத்தனை வருட உத்தரவாதம் என்று கேட்கிறோம். அவர்களுடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி எவ்வளவு என்று நம்மில் மிகச் சிலரே கேட்டிருப்போம். அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளின் நிறம் தெரியும், பெயர் தெரியாது. பணத்தைக் கட்டியதோடு கடமை முடிந்ததாக நினைத்துவிட்டோம்.

இம்பிளான்ட் எப்படி நிற்கிறது என்று தெரிந்திருந்தால் இப்படி நினைத்திருக்க மாட்டோம். சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க், 1950களில் முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி, எலும்புக்குள் ரத்தம் ஓடுவதை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் கருவி வரவில்லை. எலும்பு அதைப் பற்றிக்கொண்டு வளர்ந்திருந்தது. 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் டைட்டானியத் திருகுகளை அவர் பொருத்தினார். 2006-ல் லார்சன் இறக்கும்வரை அவை உழைத்தன. ஆக, திருகை உள்ளே வைப்பது மருத்துவர். பிடித்து நிறுத்துவது நோயாளியின் உடம்பு. எலும்பு அப்படிப் பிடித்துக்கொள்ளக் கீழ்த்தாடையில் மூன்று மாதம், மேல்தாடையில் ஆறு மாதம் வரைகூட ஆகலாம். அதுவரை அந்த இடத்துக்கு ரத்தம் ஒழுங்காகப் போக வேண்டும், புது எலும்பு உருவாக வேண்டும், கிருமி அண்டக்கூடாது. எந்த நாட்டுத் திருகும் இந்த வேலையைச் செய்துதராது.

சர்க்கரை கூடிய உடம்பில் இந்த மூன்றுமே தடுமாறுகின்றன. சிறு ரத்தக் குழாய்கள் கெடுகின்றன, வெள்ளையணுக்கள் மந்தமாகின்றன, எலும்பு மெதுவாக வளர்கிறது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது. அவர்கள் எல்லோருக்கும் இம்பிளான்ட் கூடாது என்று அர்த்தமில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7 சதவீதத்தை ஒட்டி இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் நன்றாகவே பொருந்துகிறது. 8-ஐத் தாண்டினால் பல மருத்துவர்கள், முதலில் சர்க்கரையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் இனிப்பை நிறுத்தச் சொல்கிறோம். காலையில் வெறும் வயிற்றில் பார்த்த ஓர் எண்ணைக் காட்டி "கன்ட்ரோல்லதான் இருக்கு டாக்டர்" என்று அவர்களுக்காக நாமே பதில் சொல்கிறோம்.

பல்லே சர்க்கரையால்தான் போயிருக்கலாம் என்பது இன்னும் உறுத்துகிறது. பல் துலக்கும்போது ரத்தம் வந்தது. உடம்புச் சூடு என்றோம். பல் ஆடியது. வயதாகிவிட்டது என்றோம். கட்டுப்படாத சர்க்கரை ஈறு நோயை முற்றவைக்கும். முற்றிய ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படவிடாது. கடைவாய்ப் பற்கள் போனபின் அம்மா கொய்யாவையும் சுண்டலையும் விட்டார், குழைந்த சோற்றுக்கும் பாலில் நனைத்த ரொட்டிக்கும் மாறினார். அது சர்க்கரையை மேலும் ஏற்றியது. நாம் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

எலும்புத் தேய்மானத்துக்கான மருந்து நம் கவனத்திலிருந்து இன்னும் எளிதாக நழுவுகிறது. அலெண்ட்ரோனேட் வாரத்துக்கு ஒரு மாத்திரை. சோலெட்ரோனிக் அமிலம் வருடத்துக்கு ஒரே ஊசி. தினசரி மாத்திரை டப்பாவில் இல்லாததால் அதை மருந்தாகவே நாம் கணக்கில் வைப்பதில்லை. கேட்டால் "முதுகுவலிக்கு ஊசி போட்டாங்க" என்கிறோம். இந்த வகை மருந்துகள் எலும்புக்குள் பல ஆண்டுகள் தங்குபவை. இவற்றை எடுத்துக்கொண்டவர்களில் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போவதை அமெரிக்க மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் 2003-ல் எழுதினார். தேய்மானத்துக்குக் கொடுக்கும் அளவில் இந்த ஆபத்து மிகக் குறைவு. புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு ஏற்றும் அளவில் பெரும்பாலும் இம்பிளான்டே வேண்டாம் என்பார்கள். எப்படியானாலும் துளை போடுவதற்கு முன்பே மருத்துவருக்குத் தெரிய வேண்டும். பயந்துபோய் நாமாகவே மருந்தை நிறுத்துவதும் தவறு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைப் பல்லுக்காக வீட்டிலேயே நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

சிகரெட் பிடிப்பவர்களுக்கு இம்பிளான்ட் தோற்பது மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. பாக்கு மென்று மென்று கன்னச் சதை இறுகிப்போனவர்களுக்கோ, கருவியை உள்ளே கொண்டுபோகும் அளவுக்கு வாயே திறக்காது. தெருமுனையில் பாக்குப் பொட்டலம் கிழிக்கும் பையனைப் பார்த்தும் பேசாமல் கடந்துபோகிறோம்.

மருத்துவம் பார்ப்பவர்களும் இந்தக் குற்றத்தில் பங்காளிகளே. சர்க்கரைக்குப் போனால் காலைப் பார்க்கிறார்கள், கண்ணைப் பார்க்கச் சொல்கிறார்கள். வாயைத் திறக்கச் சொல்பவர் அரிது. பல் கிளினிக்கில் நோய் விவரப் படிவத்தை வரவேற்பறையில் வைத்து நிரப்புகிறோம், அவசரத்தில் எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று டிக் அடிக்கிறோம். அதை எடுத்துவைத்து மறுபடி கேட்க யாருக்கும் நேரமில்லை.

உடம்பைப் பற்றி விசாரிக்காமல் இம்பிளான்ட் வைப்பதற்கு நேர் எதிரான புறக்கணிப்பும் நம்மிடம் உண்டு. "இந்த வயசுல எதுக்கு" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறோம். எழுபது, எண்பது வயதானாலும், உடம்பு கட்டுப்பாட்டில் இருந்தால், வயது மட்டும் தடையில்லை. நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போது தாடை காத்திருப்பதில்லை. பல் பிடுங்கிய முதல் வருடத்திலேயே அந்த இடத்து எலும்பின் அகலம் பாதியாகக் குறைந்துவிடக்கூடும். பிறகு எலும்பு ஒட்டு, கூடுதல் அறுவை, கூடுதல் செலவு.

பொருத்தியபின் செய்யத் தவறியதும் இருக்கிறது. இயற்கைப் பல்லைச் சுற்றியிருக்கும் நார்த்திசு இம்பிளான்டுக்குக் கிடையாது. அழுக்கு சேர்ந்து அழற்சி வந்தால் எலும்பு விரைவாகக் கரையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது காட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பணம் அனுப்பிய நாம், யார் அழைத்துப் போவது என்று பேசிவைக்கவில்லை. முழங்கால் வலியோடு அவர்கள் தனியாகப் பஸ் ஏறிப் போக மாட்டார்கள். போனில் கேட்டால் "வலியில்லப்பா, நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அந்த அழற்சி தொடக்கத்தில் வலிக்காது.