எலும்பு விடாமல் பிடித்துக்கொண்ட கண்ணாடி!

1967-ம் ஆண்டு. நியூயார்க் மாகாணத்தில் நடந்த ஒரு கருத்தரங்குக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார் அமெரிக்கப் பேராசிரியர் லாரி ஹென்ச். கதிர்வீச்சைத் தாங்கும் பொருள்கள் பற்றிய தன் ஆராய்ச்சியைப் பக்கத்து சீட்காரரிடம் விளக்கினார். அவரோ, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ராணுவ கர்னல். 'மனித உடம்புக்குள் தாங்குகிற மாதிரி ஒரு பொருள் செய்ய முடியுமா?' என்று திருப்பிக் கேட்டார்.

காரணம் இருந்தது. போரில் காயம்பட்ட பலர் கை, கால்களை இழந்துகொண்டிருந்தார்கள். எலும்புக்குப் பதில் உலோகமோ, பிளாஸ்டிக்கோ வைத்தால், உடம்பு அதை அந்நியனாகவே பார்த்தது. சுற்றிலும் தழும்புத் திசுவால் வேலி போட்டு ஒதுக்கியது.

எலும்பின் முக்கியத் தாது, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த 'ஹைட்ராக்ஸி அபடைட்'. அதே தாது தன் மேல் படியும்படி ஒரு பொருள் இருந்தால், எலும்பு அதை ஏற்றுக்கொள்ளாதா என்று யோசித்தார் ஹென்ச். 1969-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் சிலிக்கா, சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் கலந்து ஒரு கண்ணாடியை உருவாக்கினார். டாக்டர் டெட் கிரீன்லீ அதை எலிகளின் தொடை எலும்பில் பொருத்தினார். ஆறு வாரம் கழித்து எடுக்கப் பார்த்தால், வரவே இல்லை. எலும்பு அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது! அதுதான் 'பயோகிளாஸ்'.

ஆனால், கண்ணாடி எளிதில் உடையும். நம் எடையைத் தாங்க உலோகம்தான் சரி. அதனால், பலம் தருவதற்கு டைட்டானியம், எலும்போடு ஒட்டுவதற்கு மேல்பூச்சு என்று வேலையைப் பிரித்துக்கொடுத்தார்கள். ஹைட்ராக்ஸி அபடைட் பவுடரைக் கடும் வெப்பத்தில் உருக்கி, உலோகத்தின் மேல் மெல்லிய படலமாக ஸ்பிரே செய்கிறார்கள். 1985-ல் லண்டனில், டாக்டர் ரொனால்டு ஃபர்லாங் இந்தப் பூச்சுள்ள இடுப்பு மூட்டைப் பொருத்தினார்.

இன்றும் எல்லோருக்கும் இதுதான் என்றில்லை. எலும்பு பலவீனமான முதியவர்கள் பலருக்கு எலும்பு சிமென்ட் வைத்துப் பொருத்துவதே நல்லதாக இருக்கும். பூச்சு எப்படிப்பட்டதாக இருந்தாலும், அதைப் பிடித்து வளரவேண்டியது உங்கள் எலும்புதான். சிகரெட் அந்த வளர்ச்சியைத் தாமதப்படுத்தும்.

வீட்டில் யாருக்காவது இடுப்பு மாற்று ஆபரேஷன் என்றால், டாக்டரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள். சிமென்ட்டா, பூச்சா... ஏன்? காலில் முழு எடையை எப்போது ஊன்றலாம்?