ஐந்து வருஷக் காத்திருப்பு

இந்தத் தேசம் விடுதலைக்குப் போராடிய காலத்தில் இரு வேறு சமூகத்தாரிடையே அரும்பிய காதலைப் பற்றிக் கதைகள் அனுப்புமாறு சென்ற இதழில் நாம் விடுத்த வேண்டுகோளுக்கு இணங்கி வந்தவற்றுள் பெரும்பாலானவை, துரைமகள் ஒருத்தி கதர் உடுத்த தொண்டன் ஒருவனிடம் மனத்தைப் பறிகொடுப்பதும், இடையில் தடியடியோ துப்பாக்கிப் பிரயோகமோ நிகழ்வதும், முடிவில் கப்பலோ சிறைக்கதவோ இருவரையும் பிரித்துவிடுவதுமாக ஒரே தடத்தில் செல்லுகின்றன. 2010இல் வெளிவந்த ‘மதராசப்பட்டினம்’ என்ற திரைப்படம் நம் எழுத்தாளர்களின் கற்பனைக்கு இவ்வளவு காலத்துக்குப் பிறகும் வாடகைக்கு வீடு கொடுத்துக்கொண்டிருக்கிறது போலும். அத்தகைய காதல் நிகழவே இல்லை என்று நாம் வாதிக்கவில்லை. நெல்லி என்ற ஆங்கிலப் பெண்மணி, கேம்பிரிட்ஜில் தம் பெற்றோர் வீட்டில் தங்கிப் படித்த வங்காள மாணவர் ஜதீந்திர மோகன் சென்குப்தாவை 1909இல் மணந்துகொண்டு இந்தியாவுக்கு வந்து, 1933இல் கல்கத்தா காங்கிரஸுக்கே தலைமை வகிக்கும் அளவுக்கு இந்த நாட்டின் மகளாகிவிட்டார். 1920இல் ருக்மிணி தேவி ஜார்ஜ் அருண்டேலைக் கைப்பிடித்தபோது மதராஸ் வைதிக உலகம் கொதித்தெழுந்தது. 1928இல் வங்காள ஹிந்துவான அருணா கங்குலி, தில்லி முஸ்லிம் வக்கீலான ஆஸப் அலியை மணந்தபோது அவருடைய உற்றார் உறவினர் அடைந்த கோபமும் அதற்குக் குறைந்ததன்று. ஆனால் நாம் இத்தலையங்கத்தில் எடுத்துக்கொள்ள விரும்புவது, துப்பாக்கியும் கப்பலும் இல்லாத, பார்வைக்கு மிகச் சாதுவான, உள்ளே மிகவும் சிக்கலான வேறொரு காதலை.

சேலத்தில் வக்கீல் தொழில் நடத்திப் பின்பு அதைத் துறந்த ராஜகோபாலாச்சாரியாரின் இளைய மகள் லக்ஷ்மியும், மகாத்மா காந்தியின் கடைசிப் புதல்வர் தேவதாஸும் ஒருவரையொருவர் விரும்பி மணந்துகொண்டார்கள் என்பது நம் வாசகர்களில் பலர் அறிந்த செய்தியே. ‘சம்பந்திகள்’ என்று அவ்விரு தலைவர்களையும் பத்திரிகைகள் பரிகாசமாகவும் பிரியமாகவும் குறிப்பிட்டுவந்ததால், அந்த உறவின் பெருமை பெரியவர்கள்மேலேயே போய்ப் படிந்துவிட்டது. அதற்குக் காரணமான இரு இளையவர்கள் ஏதோ கல்யாணப் பத்திரிகையின் கீழ்வரியில் அச்சான பெயர்களைப்போல் ஒதுங்கிவிட்டார்கள்.

தேவதாஸ் தமிழ்நாட்டுக்குப் புதியவர் அல்லர். தென்னாப்பிரிக்காவில் 1900இல் பிறந்து, தமிழர்கள் நிறைந்த சத்தியாக்கிரகக் கூட்டத்தின் நடுவே வளர்ந்த அவரை, 1918இல் ஹிந்தி போதிப்பதற்காக அவருடைய தந்தையார் சென்னைக்கு அனுப்பிவைத்தார். தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபையின் சரித்திரமே அந்தப் பதினெட்டு வயது இளைஞர் நடத்திய வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. (அந்த பாஷையின் பொருட்டு இருபது வருஷங்களுக்குப் பின் இந்த மாகாணம் பட்ட பாட்டையும், அப்போது அதன் பிரதம மந்திரியாக இருந்தவர் அவருடைய மாமனார்தாம் என்பதையும் நினைக்கும்போது, சரித்திரத்துக்கும் ஒருவித நகைச்சுவை உண்டு என்று நமக்குத் தோன்றுவதுண்டு.) 1927இன் முற்பகுதியில் சுற்றுப்பிரயாணத்தின் நடுவே காந்தியடிகள் நோயுற்று, நந்தி மலையிலும் பின்பு பெங்களூரிலும் தங்கி உடல் தேறிய மாதங்களில், ராஜாஜி உடனிருந்து அவரைப் பேணினார், இரு குடும்பங்களும் நெருங்கிப் பழகிய காலம் அது. தேவதாஸும் லக்ஷ்மியும் தங்கள் மனத்தை வெளியிட்டபோது அவருக்கு வயது 28, அவளுக்கு 15.

தந்தையர் இருவரும் கலந்து ஆலோசித்து விதித்த நிபந்தனை இதுதான்: ஐந்து வருஷ காலம் இருவரும் சந்திக்கலாகாது, அதன் பிறகும் இருவர் மனமும் மாறாதிருந்தால் விவாகம் செய்துவைப்பது. இதனைக் கொடுமை என்று சொல்லுவோர் உண்டு. நாம் அப்படிச் சொல்ல முன்வரமாட்டோம். அக்காலத்து வைதிகக் குடும்பங்களில் பெண் பருவமடையுமுன் கன்னிகாதானம் செய்துவிடாத தகப்பன் பாவத்துக்கு உள்ளாவான் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதையும், பெண்ணின் மணவயதைப் பதினான்கு என்று வரையறுத்த சாரதா சட்டம் 1929இல் நிறைவேறியபோது அதைக்கூட மத விரோதம் என்று கண்டித்துக் கூட்டங்கள் கூடின என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஐயங்கார் வீட்டுப் பெண் ஒருத்தி இருபது வயது நிரம்பும் வரையில் மணமாகாமல் இருக்கட்டும் என்று ஒரு தகப்பனார் துணிந்தாரே, அதுவே சிறிய புரட்சிதான். பதினைந்து வயதுச் சிறுமி இருபத்தெட்டு வயது ஆடவரிடம் கொண்ட விருப்பத்தை உடனே சாசுவதம் என்று ஏற்றுக்கொள்ளாமல், அவள் வளர்ந்த பிறகு மீண்டும் கேட்போம் என்று வைத்ததில் நியாயம் இருக்கிறது. நமக்கு உறுத்துவது வேறொன்று. உபவாசத்தையும் மௌனத்தையும் போலக் காதலையும் ஒரு விரதமாக்கி, அதற்குக் கால அளவு நிர்ணயித்து, தேறினால் தான் அது மெய் என்று தீர்மானிக்கும் அதிகாரம் பெரியவர்களிடமே இருந்தது. பரீட்சை எழுதியவர்களுக்கு அந்தப் பரீட்சையின் விதிகளில் பங்கு இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில், நம் மேடைகளில் அதிகம் பிரஸ்தாபிக்கப்படாத இன்னொரு சம்பவத்தைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையாகாது. காந்தியடிகளின் இரண்டாவது புதல்வர் மணிலால், நேட்டாலில் பீனிக்ஸ் ஆசிரமத்தில் இருந்துகொண்டு ‘இந்தியன் ஒப்பினியன்’ பத்திரிகையை நடத்திவந்தவர். கேப்டவுனைச் சேர்ந்த கூல் என்ற முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஃபாத்திமாவை அவர் நேசித்தார். அந்தக் குடும்பம் அந்நியமானதும் அன்று. காந்தியடிகளுக்குத் தென்னாப்பிரிக்கா நாட்களிலிருந்து பழக்கமானது. 1926 ஏப்ரலில் மகனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் அந்த விவாகம் தர்மத்துக்கு மாறானது என்றும், ஹிந்து முஸ்லிம் பிரச்சினையில் தீங்கான விளைவை உண்டாக்கும் என்றும், பத்திரிகைப் பொறுப்பில் அதன் பிறகு மணிலால் நீடிப்பது முடியாது என்றும் எடுத்துரைத்தார். மகன் பணிந்தார், 1927 மார்ச்சில் மஷ்ருவாலா குடும்பத்துப் பெண் சுசீலாவை, அகோலாவில், தந்தை சம்மதித்த வண்ணம் மணந்தார். அங்கே ஐந்து வருஷம் காத்திருங்கள் என்ற நிபந்தனைக்குக்கூட இடம் இல்லாமற் போயிற்று. ஒரே தகப்பனார்; இரண்டு புதல்வர்கள்; இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே அதிக காலமும் இல்லை. குஜராத்திக்கும் தமிழுக்கும் நடுவே இருந்த வேலியை அவர் வேலியாகவே மதிக்கவில்லை. வைசியருக்கும் பிராமணருக்கும் நடுவே இருந்ததைத் தயக்கத்தோடு, தவணை கேட்டுக்கொண்டு தாண்டவிட்டார். மதத்தின் வேலி வந்தபோது நின்றுவிட்டார். தேசிய இயக்கத்தின் மனப்பான்மையையே இந்த மூன்று படிகளில் அளந்துவிடலாம் என்பது நமது அபிப்பிராயம்.

ஆனால் நின்ற இடத்திலேயே அவர் நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். 1921இல் கலப்பு விவாகத்தையும் சமபந்தி போஜனத்தையும் விலக்கிவைப்பது ஆத்ம வளர்ச்சிக்குத் துணை என்று எழுதியவர், 1932இல் அந்த விலக்குகள் ஹிந்து தர்மத்தின் அங்கமே அல்ல என்று சொல்லும் நிலைக்கு வந்தார். தேவதாஸும் லக்ஷ்மியும் காத்திருந்த வருஷங்களில்தாம் இந்த மாற்றத்தின் பெரும்பகுதி நிகழ்ந்தது. சைமன் கமிஷன் வந்து போயிற்று. தண்டி யாத்திரையைத் தொடர்ந்து 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்கத் தொண்டர் படையை நடத்திச் சென்ற ராஜாஜி சிறை புகுந்தார். தேவதாஸும் சிறை கண்டார். 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தியடிகள் உண்ணாவிரதம் தொடங்கியபோது, டாக்டர் அம்பேத்கரோடு உடன்பாடு காணப் பூனாவில் கூடியவர்களில் வருங்கால மாமனாரும் மருமகனும் இருந்தனர். 24ஆம் தேதி கையெழுத்தான ஒப்பந்தத்தில் இருவர் பெயர்களும் உள்ளன. தீண்டாமையைப் பற்றித் தேசமே வாதித்துக்கொண்டிருந்தபோது, தன் வீட்டிலேயே வர்ண பேதத்தை முன்னிட்டு ஒரு விவாகத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பது எவ்வளவு காலத்துக்குச் சாத்தியம்? அம்பேத்கர் எழுப்பிய கேள்விகளுக்கும் இந்தக் கல்யாணத்துக்கும் சம்பந்தமில்லை என்று கருதுவோருடன் நாம் மாறுபடுகிறோம்.

1933 மே 8ஆம் தேதி தொடங்கிய 21 நாள் உண்ணாவிரதத்தை, பூனாவில் லேடி தாக்கர்ஸேயின் ‘பர்ணகுடி’ இல்லத்தில் மாத இறுதியில் முடித்து, இன்னும் உடம்பு தேறாத நிலையில் காந்தியடிகள் இருக்க, ஜூன் 16ஆம் தேதி அதே இல்லத்தில் விவாகம் நடந்தது. சாஸ்திர ரீதியாக இது பிரதிலோமம்; அதாவது உயர்ந்ததாகச் சொல்லப்படும் வர்ணத்துப் பெண்ணைத் தாழ்ந்ததாகச் சொல்லப்படும் வர்ணத்து ஆடவன் மணப்பது. அதன் மறுதலையான அநுலோமத்தையாவது பம்பாய் உயர்நீதிமன்றம் 1922இல் செல்லும் என்று ஏற்றிருந்தது. பிரதிலோமத்துக்கு அந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. இத்தகைய விவாகங்களைச் சந்தேகத்துக்கு இடமின்றிச் செல்லத்தக்கவையாக்கிய சட்டம் சுதந்திரத்துக்குப் பின் 1949இல்தான் வந்தது. ஆகவே, வேதங்களில் வல்லவரான லக்ஷ்மண சாஸ்திரி ஜோஷி அன்று புரோகிதராக அமர்ந்து மந்திரம் சொன்னது வெறும் சடங்கன்று. ஸநாதனிகளின் பாஷையிலேயே ஸநாதனிகளுக்கு அளித்த விடை அது. ராஜாஜியிடமிருந்து அருமையான ரத்தினம் ஒன்றை நீ கவர்ந்துகொண்டாய், அதற்குத் தகுதியுடையவனாக இரு என்ற கருத்தில் காந்தியடிகள் மகனுக்கு ஆசி கூறினார். அன்பு நிறைந்த வார்த்தைதான். ஆனாலும் ஐந்து வருஷம் தன் மனத்தைத் தானே காத்துக்கொண்ட ஒருத்தி, அந்த வாக்கியத்தில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் மணியாகத்தானே இருக்கிறாள்!

இவ்வளவையும் ஆர்.கே.பேட்டையிலிருந்து எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1953இல் ஆந்திரத்தோடு சேர்க்கப்பட்டு, ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பிய திருத்தணிப் பகுதியைச் சேர்ந்தவர்கள் நாம். பள்ளிப்பட்டிலும் பொதட்டூர்ப்பேட்டையிலும் நம்மூர்த் தறிமேடைகளிலும் ஒரு வாக்கியத்தைத் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பது அன்றாட வழக்கம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து மலையேறுகிறவன் வீட்டில் எந்த பாஷை பேசுகிறான் என்று முருகப்பெருமான் விசாரித்ததாகத் தெரியவில்லை. எல்லைக்கு அப்பால், நகரியிலோ புத்தூரிலோ, பெண் எடுப்பதும் கொடுப்பதும் இங்கே செய்தியே அல்ல. மருமகள் ‘அத்தம்மா’ என்று கூப்பிட்டாலும் ‘அத்தை’ என்று கூப்பிட்டாலும் மாமியாருக்கு ஒன்றுதான். ஆனால் ஜாதி ஒன்றாயிருக்கும் வரையில்தான் இந்தப் பெருந்தன்மை. ஒரே பாஷை பேசும் பக்கத்துத் தெருவிலிருந்து, வேறு ஜாதிப் பெண்ணையோ, காலனியிலிருந்து வரும் பையனையோ சேர்த்துக்கொள்ளவேண்டி வந்தால், ஐந்து வருஷத் தவணை கொடுக்கும் பொறுமைகூட நம் பெரியவர்களுக்கு இருப்பதில்லை. காவல் நிலையமும் தாலுகா ஆபீஸும் வந்துவிடுகின்றன, சில ஊர்களில் அரிவாளும் வந்துவிடுகிறது. 1933இல் பூனாவில் எளிதாகத் தாண்டப்பட்ட பாஷை வேலியைத்தான் நாமும் எளிதாகத் தாண்டுகிறோம். அங்கே தயங்கிய இடத்தில் நாம் தயங்கக்கூட இல்லை, கதவைச் சாத்திவிடுகிறோம்.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் வேறொரு பாதையும் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 1928 முதல் சுயமரியாதை இயக்கத்தார் புரோகிதரை விலக்கி நடத்திய திருமணங்களில் ஜாதி கடந்தவையும் விதவா விவாகங்களும் இருந்தன. சாஸ்திரத்துக்குள் நின்று அதை வளைக்க லக்ஷ்மண சாஸ்திரி முயன்றார் என்றால், இவர்கள் சாஸ்திரத்தையே வாசலுக்கு வெளியே வைத்தார்கள். அவற்றுக்குச் சட்ட அங்கீகாரம் 1967இல் அண்ணாதுரை மந்திரிசபை வந்த பிறகே கிடைத்தது. 1936இல் அம்பேத்கர் ஜாதியை ஒழிக்க மெய்யான மருந்து கலப்பு மணமே என்று எழுதினார். தம் கடைசி வருஷங்களில் காந்தியடிகள், மணமக்களில் ஒருவர் ஹரிஜனராக இருந்தாலன்றி எந்த விவாகத்துக்கும் ஆசி கூறுவதில்லை என்ற உறுதிக்கு வந்தார். இருவரும் வெவ்வேறு திசையிலிருந்து நடந்து ஏறத்தாழ ஒரே இடத்துக்கு அருகில் வந்துசேர்ந்ததை நம் கட்சிச் சண்டைகளில் வசதியாக மறந்துவிடுகிறோம்.

தேவதாஸ் பிற்பாடு தில்லியில் ‘ஹிந்துஸ்தான் டைம்ஸ்’ பத்திரிகையின் ஆசிரியராக இருபது வருஷம் விளங்கி, 1957இல் மறைந்தார். லக்ஷ்மி அதன் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார். நான்கு மக்களில் ராஜ்மோகன் தம் இரு பாட்டனார்களின் வரலாறுகளையும் எழுதினார். அரசியலில் மாறுபட்டும் இணைந்தும் நின்ற அவ்விருவரையும் ஒரே பேரன் எழுதும்படி ஆனது இந்தக் காதலின் ஒரு விளைவு. ஆயினும் இக்கதையைத் திரும்பச் சொல்லுகிறவர்கள் தந்தையரின் பெருந்தன்மையில் தொடங்கி அதிலேயே முடித்துக்கொள்ளுகிறார்கள். தாயை இழந்த வீட்டில், தகப்பனார் சிறைக்கும் ஆசிரமத்துக்கும் போய்வந்துகொண்டிருக்க, தேசமெங்கும் தலைகீழான மாறுதல்கள் நடந்துகொண்டிருக்க, ஒரு பெண் பதினைந்திலிருந்து இருபது வயது வரையில் ஒரு தீர்மானத்தோடு வளர்ந்தாள். கேப்டவுனில் இன்னொருத்திக்கு அந்தத் தவணையும் மறுக்கப்பட்டது. நாம் வேண்டுவது இவ்விருவரின் பக்கத்திலிருந்து, அல்லது இவர்களைப்போல் நம் எல்லைப்புற ஊர்களில் அதே வருஷங்களைக் கழித்த பெயரறியாப் பெண்களின் பக்கத்திலிருந்து எழுதப்படும் கதைகளை.

ஆகவே வந்த கதைகளில் துரைமகள்கள் இடம்பெறுபவற்றை ஆசிரியர்களுக்கே திருப்பி அனுப்புகிறோம், வருத்தம் வேண்டாம். சிறப்பிதழை அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். தமிழில் எழுத வராதவர்கள் தெலுங்கிலேயே எழுதி அனுப்பலாம். மொழிபெயர்த்துக்கொள்ளும் வேலையை இங்கே நாமே பார்த்துக்கொள்கிறோம்.